பனிக்காலத்தில் வெடிக்கும் கைகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதத்தில் இலங்கை மலையகத்தின் நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கங்களில் யாருடைய கையைத் தொட்டாலும் அது சொரசொரவென்றுதான் இருக்கும். பெருவிரல் நுனியிலும் விரல்கள் மடியும் இடங்களிலும் கத்தியால் கீறியது போன்ற பிளவுகள், அவற்றுக்குள் கறுத்துப்போன தேயிலைக் கொழுந்துக் கறை, சமைக்கும்போது உப்போ மிளகாய்த்தூளோ பட்டால் தாங்க முடியாத எரிவு. "பனிக்கு இப்படித்தான் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுகிறோம். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவார். ஐம்பது வயதில் அவருடைய கையில் ரேகை எது, வெடிப்பு எது என்று பிரித்தறிய முடியாது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

மூடுபனியும் தூறலும் உள்ள ஊரில் கை எப்படி வறண்டு போகும்?

இது நியாயமான சந்தேகம். சுவரெல்லாம் ஈரம் ஊறி, துணி காய மூன்று நாள் பிடிக்கும் ஊரில் தோல் மட்டும் காய்கிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக நீரைத் தாங்க முடியாது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகையில் அதே காற்று 7 கிராமுக்கு மேல் தாங்காது. ஆகவே விடியற்காலைக் காற்று முழுவதுமாக ஈரம் நிரம்பியிருந்தாலும் அதிலுள்ள நீர் மொத்தத்தில் கொஞ்சம்தான். சூடான நமது கையைத் தொட்டதும் அந்தக் காற்று வெப்பமடைகிறது. வெப்பமடைந்ததும் அதற்கு மேலும் நீர் தேவைப்படுகிறது. அந்த நீரைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. தோலின் மேல்படையை நமது பழைய லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கருங்கல் சுவரைப் போல எண்ணிக்கொள்ளலாம். கற்கள் இறந்த தோற்கலங்கள். அவற்றுக்கு இடையிலுள்ள சாந்து ஒருவகைக் கொழுப்பு. அந்தச் சாந்து இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் வெளியேறாது, வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வராது. கை நனைந்து காய்கிற ஒவ்வொரு முறையும், அதிலும் சவர்க்காரத்தோடு நனைகிற ஒவ்வொரு முறையும், அந்தச் சாந்து கொஞ்சம் கரைந்து போகிறது. காலையில் பனித்தண்ணீர் தேங்கிய கொழுந்து, பிறகு வெயில், மாலையில் பீலியில் (தண்ணீர் விழும் குழாயடியில்) துணி துவைத்தல், இரவில் பாத்திரம், அதற்குப் பிறகு அடுப்படி என்று ஒரு பெண்ணின் கை ஒரே நாளில் எத்தனை முறை நனைந்து காய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், குளிர் மட்டும் குற்றவாளி அல்ல என்பது தெளிவாகும்.

எந்த மாதங்களில் அதிகக் கவனம் தேவை?

நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், பொகவந்தலாவைப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வானம் தெளிந்த தை மாத இரவுகளில் புல்லின் மேல் பூம்பனி உறைந்து, தேயிலைத் துளிர் கருகுவதும் உண்டு. அதே நாளின் நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஊவாப் பக்கத்தில், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றும் கைகளை அதே அளவு பாதிக்கிறது. இரு பக்கத்திலும் இதுவே தேயிலையின் தரம் உயர்ந்து நிற்கும் பருவம் என்பதைக் கவனியுங்கள்: இலையில் மணத்தைக் கூட்டுகிற அதே குளிரும் காய்ந்த காற்றும்தான் அதைப் பறிக்கிற விரலைப் பிளக்கின்றன.

முகத்தைவிட உள்ளங்கையும் விரல் நுனியும் மோசமாக வெடிப்பது ஏன்?

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. முகத்துக்கும் தலைக்கும் உடல் தானாகவே எண்ணெய் பூசிவிடுகிறது. உள்ளங்கைக்கு அந்த வசதி கிடையாது. அதோடு அங்கே தோல் தடிப்பானது. தடித்த தோல் காய்ந்து விறைத்துவிட்டால், விரலை மடக்கும்போது வளைந்து கொடுக்காமல் மடிப்பின் வழியே பிளந்துவிடுகிறது.

அடுப்பில் கையைக் காய்ச்சுவது நல்லதா?

ஈரக் கையோடு நெருப்பின் முன் உட்காருவது, இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் விரைந்து போக்கிவிடும். குளிரில் விறைத்த விரல்களுக்குச் சூட்டின் அளவும் சரியாகத் தெரியாது. சுட்ட பிறகே உணர்வோம். கையை முதலில் நன்றாகத் துடைத்து, எண்ணெயோ களிம்போ தடவி, பிறகு கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றுவதே பாதுகாப்பானது. கொதிக்கக் காய்ச்சிய நீரில் கையை அமிழ்த்துவதும் அப்படியே: இதமாக இருக்கும், ஆனால் சுடுநீர் குளிர்நீரைவிட அதிகமாகக் கொழுப்பைக் கரைக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

என்ன பூச வேண்டும்? தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் நல்லது. வறண்ட தோலுக்கு அது உண்மையிலேயே பயன் தருகிறது. எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் குளிரில் அது உறைந்துவிடும், கழுவினால் போய்விடும், ஆழமாக வெடித்த தடித்த தோலுக்கு அது மட்டும் போதாது.

கடையில் வாங்குவதானால், மணமும் நிறமும் இல்லாத வாசலின் வகைக் களிம்பு முதல் தெரிவு. அது தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீரை வெளியேற விடாமல் மூடி வைக்கிறது. அதனால்தான் காய்ந்துபோன கையில் பூசினால் பலன் குறைவாகவும், ஈரம் முற்றாகப் போவதற்குள் பூசினால் பலன் அதிகமாகவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இதையே வைத்துக்கொள்ளுங்கள்: கையைத் துடைத்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், தோல் இன்னும் மெல்லிய ஈரத்தோடு இருக்கும்போதே பூசிவிட வேண்டும்.

கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும் தன்மை கொண்டது. அதை அப்படியே பூசாமல் இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து பூசி, மேலே வாசலின் தடவுவது இரண்டின் பலனையும் தரும். தோல் கெட்டியாகி மரத்துப் போயிருந்தால் 10 வீத யூரியா கலந்த கிரீம் பாமசியில் கிடைக்கும். அது தடித்த தோலை இளக்கும், ஆனால் திறந்த வெடிப்பில் கடுமையாக எரியும் என்பதால் வெடிப்பு மூடிய பிறகே பூச வேண்டும். யூரியா என்றதும் தோட்டத்து உரமூட்டை நினைவுக்கு வரும். உரத்தைக் கரைத்துக் கையில் பூசிப் பார்க்க யாரும் முயல வேண்டாம். அதிலுள்ள செறிவும் அசுத்தமும் தோலைப் புண்ணாக்கிவிடும்.

மெழுகுதிரியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி ஆறவைத்துப் பூசும் பழக்கம் பித்தவெடிப்புக்குப் பல வீடுகளில் உண்டு. அதுவும் வாசலின் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. உருக்கும்போது சுட்டுக்கொள்ளாமலும், நன்றாக ஆறிய பிறகும் பயன்படுத்தினால் குறை சொல்வதற்கில்லை. எலுமிச்சைச் சாறு, பற்பசை, கற்பூரம் கலந்த தைலங்கள் ஆகியவற்றை வெடிப்பில் பூசுவதை நிறுத்த வேண்டும். எரிவதும் குளிர்வதும் மருந்து வேலை செய்வதாக ஒரு நம்பிக்கையைத் தரும். உண்மையில் அவை புண்ணைத் தூண்டிவிடுகின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை முறை பூச வேண்டும்?

கை கழுவும் ஒவ்வொரு முறையும் என்பதே சரியான விடை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இயலாது என்பதால் குறைந்தது மூன்று வேளை: காலையில் மலைக்குப் போகுமுன், மாலையில் குளித்தவுடன், இரவில் படுக்குமுன். இரவுப் பூச்சே முக்கியமானது. தடிப்பாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையையோ பருத்திக் கையுறையையோ மாட்டிக்கொண்டு படுத்தால், ஏழெட்டு மணித்தியாலம் யாரும் குலைக்காமல் தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை மட்டும்: களிம்பு ஊறிய துணி விரைவாகத் தீப்பற்றும். அதை மாட்டிய பிறகு விறகடுப்பின் பக்கமோ குப்பி விளக்கின் பக்கமோ போகக் கூடாது.

வெடித்து இரத்தம் கசிகிறது. இப்போது என்ன செய்வது?

சுத்தமான வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கையை ஊறவைத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை மெதுவாக நீக்குங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, விறைத்து நிற்கும் தோலின் ஓரத்தைப் பிளேட்டால் சீவவோ வேண்டாம். துடைத்து, வெடிப்புக்குள் வாசலினை நிரப்பி, மேலே துணிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பிளவின் இரு ஓரங்களும் நெருங்கி வருமாறு, பிளவுக்குக் குறுக்காக இழுத்து ஒட்டுவது நல்லது. விரலை அசைக்கும்போது அது மறுபடி வாய் திறக்காது. நனைந்த பிளாஸ்டரை உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் அதற்குள் ஊறிப்போன தோல் இன்னும் பலவீனமாகிறது. இப்படிக் கவனித்தால் சாதாரண வெடிப்பு ஒன்றிரண்டு வாரங்களில் மூடிவிடும்.

செருப்பு ஒட்டும் பசையையும் கடையில் விற்கும் உடனடிப் பசையையும் வெடிப்பில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தியர்கள் காயத்துக்குப் பயன்படுத்தும் பசை வேறு, கடைப்பசை வேறு; கடைப்பசை தோலைச் சுடும், உள்ளே கிருமியையும் அடைத்துவிடும்.

மஞ்சளைப் பற்றியும் கேட்கிறார்கள். சமையலறைத் தூளைத் திறந்த புண்ணில் அப்பினால் புண் சிவந்திருக்கிறதா, சீழ் வைக்கிறதா என்பதே தெரியாமல் போகும். அதைத் தவிர்ப்பது நல்லது.

கொழுந்துக் கறையை எப்படிப் போக்குவது?

கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தேயிலை கறுப்பதும் அதே மாற்றத்தால்தான். வெடிப்பு இருந்தால் அந்தக் கறுப்பு உள்ளே போய்த் தங்குகிறது. அதைப் போக்க மண்ணெண்ணெய், வெளுக்கும் தூள், சாம்பல், செங்கல் துண்டு என்று எதையெல்லாமோ கையில் தேய்க்கிறோம். இவை ஒவ்வொன்றும் கறையோடு தோலையும் எடுத்துவிடும். காலையில் வேலைக்குமுன் விரல்களில் மெல்லியதாக வாசலின் தடவிக்கொண்டால் கறை ஆழமாகப் பிடிக்காது. மாலையில் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இருப்பது கையில் வேலை செய்த அடையாளம். அது நோயல்ல, அதற்காக வெட்கப்படவும் தேவையில்லை.

கையுறை போட்டால் கொழுந்து எடுக்க முடியாதே?

உண்மைதான். இரண்டிலையும் மொட்டும் எது என்பதை விரல்தான் கண்டுபிடிக்கிறது. தடித்த கையுறை போட்டால் கிலோ வராது. நாள் முடிவில் அரைப் பேர் விழுந்துவிடும், அதாவது அரைநாள் சம்பளமே கிடைக்கும் என்ற பயத்தோடு நிற்கும் ஒருவரிடம் கையுறை பற்றி உபதேசம் செய்வது முறையல்ல. ஆனால் அதிகமாகத் தேயும் இரண்டு மூன்று விரல்களின் நுனியில் மட்டும் துணிப் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டால் தொடுவுணர்வு பெரிதும் குறையாது. பழைய துணியைச் சுற்றுவது பரவாயில்லை என்றாலும், அது பனியில் நனைந்து நாள் முழுவதும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றுத் துணி ஒன்றை இடுப்பில் கட்டும் படங்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தேநீர் இடைவேளையில் கையைத் துடைத்து, சின்ன டப்பாவில் கொண்டுபோன களிம்பை ஒரு தரம் தடவ ஒரு நிமிடம் போதும். தோட்ட நிர்வாகங்கள் பனிக்காலத்துக்கு ஆளுக்கொரு டப்பாக் களிம்பு கொடுப்பது பெரிய செலவல்ல. தொழிற்சங்கத் தலைவர்மார் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து.

செடியைக் கவ்வாத்து வெட்டுவோரும் முள்ளுக் குத்துவோரும் (முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளறுவோரும்) கையுறை போடலாம். அவர்களுக்குத் தயக்கம் தேவையில்லை.

மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு?

அவர்களுடைய நிலை சில வகையில் இன்னும் கடினமானது. கரட் கழுவுகிறவர்கள் விடியுமுன்பே ஓடைத்தண்ணீரில் கையை வைக்கிறார்கள். லீக்ஸ், வெங்காயம், உள்ளி ஆகியவற்றின் சாறு சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். உரமும் பூச்சிநாசினியும் வெடித்த தோல் வழியாக எளிதில் உடலுக்குள் போகும். வெடிப்பு உள்ளவர் மருந்து கலக்கவோ தெளிக்கவோ நேர்ந்தால் கிழியாத நீளக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இறப்பர் கையுறையை நேரடியாகப் போட்டால் உள்ளே வியர்த்து ஊறும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, நனைந்ததும் மாற்றுவதே சரியான வழி. ஓட்டை விழுந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசமானது. மருந்துத் தண்ணீரை அது கையோடு சேர்த்துக் கட்டி வைக்கும்.

எந்தச் சவர்க்காரம் நல்லது?

துணிச் சவர்க்காரத்தால் கை கழுவுவதையும் குளிப்பதையும் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். தோல் இயல்பாகச் சற்று அமிலத் தன்மை உடையது. துணிச் சவர்க்காரம் கடும் காரம். குழந்தைகளுக்கான மணம் குறைந்த சவர்க்காரம் பெரியவர்களின் கைக்கும் ஏற்றது. சலவைத் தூளைக் கையால் கரைக்காமல் குச்சியால் கரைக்கலாம். மோதிரம் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். அதன் அடியில் தங்கும் சவர்க்காரமே பல பெண்களுக்கு மோதிர விரலில் தொடங்கும் புண்ணுக்குக் காரணம்.

பாமசியில் ஒரு டியூப் கொடுத்தார்கள், இரண்டே நாளில் குணமானது. அதையே தொடரலாமா?

டியூபில் பெட்டாமெதசோன் அல்லது குளோபெட்டசோல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டெரொய்ட் மருந்துகள். கையில் அழற்சி இருந்தால் வைத்தியரே இவற்றைக் குறிப்பிட்ட நாட்களுக்கு எழுதிக் கொடுப்பார், அப்போது பயப்படாமல் பூசலாம். ஆனால் வெறும் வறட்சிக்கு மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, முன்பைவிட எளிதில் வெடிக்கும். படர்தாமரை இருக்கும் கையில் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் இருந்து, நோய் உள்ளே பரவிக்கொண்டே போகும்.

வெறும் பனிவெடிப்புதானா, வேறு நோயா என்று எப்படி அறிவது?

பனிவெடிப்பு பெரும்பாலும் இரு கைகளிலும் வரும், களிம்புக்கு அடங்கும், குளிர் குறைந்ததும் தணியும். கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு கையில் மட்டும் செதிலாக உரிந்து, பாதங்களிலும் அதுபோல் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். விரலிடுக்கில் சிறு கொப்புளங்களோடு இரவில் அரிப்புக் கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சொறி. ஒரே காம்பராவில் பலர் படுக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் அது போகாது. குளிரில் விரல்கள் வெளுத்து, நீலித்து, பிறகு சிவந்தால் அது இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது. விரல்கள் செந்நீலமாக வீங்கி, சூடேறும்போது அரித்து எரிந்தால், ஈரக் குளிர் தோலைத் தாக்கியிருக்கிறது. அதை நெருப்பில் காட்டக் கூடாது.

வெடிப்பு ஆழமாக இருந்தும் வலி இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. சூடான தாச்சியைப் பிடித்தும் சுடவில்லை, உடலில் எங்கோ உணர்ச்சியற்ற வெளிறிய படை இருக்கிறது என்றால், தொழுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மாத்திரைகளால் முற்றாகக் குணமாகும் நோய். சிகிச்சை 6 அல்லது 12 மாதங்கள், அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். தாமதித்தால்தான் விரல்கள் மடங்கிப் போகின்றன. நீண்டகால நீரிழிவும் இதுபோல உணர்ச்சியை மழுங்கச் செய்யும்.

எப்போது, எங்கே போக வேண்டும்?

இரண்டு வாரம் ஒழுங்காகக் களிம்பு பூசியும் குறையாவிட்டால் தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். தேவையென்றால் அவர்களே நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களிலுள்ள தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவந்து வீங்கி, சூடாகி, சீழ் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சலோ, கையின் மேற்புறமாக ஏறும் சிவப்புக் கோடோ, அக்குளில் நெறிகட்டலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மண்ணும் சாணமும் பட்ட ஆழமான வெடிப்பு என்றால் ஏற்புவலி ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு?

வாசலினும் தேங்காய் எண்ணெயும் போதும். பெரியவர்களின் மருந்து டியூப்பைக் குழந்தையின் கையில் பூச வேண்டாம். குழந்தை விரலை வாயில் வைக்கும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா?

உடலுக்கு நல்லது, ஆனால் கைவெடிப்பு அதனால் மூடாது. நீர் உள்ளே இல்லாததல்ல பிரச்சினை. இருக்கிற நீர் வெளியே போய்விடுவதே பிரச்சினை.

கை குணமாகிவிட்டது. பூசுவதை எப்போது நிறுத்தலாம்?

வெடிப்பு மூடிய அன்றே நிறுத்துவதால்தான் அடுத்த வாரமே அதே இடத்தில் மறுபடி பிளக்கிறது. வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் தோலின் காப்புப் படை பழைய வலுவைப் பெற இன்னும் பல வாரங்கள் ஆகும். அழற்சி வந்த கைக்குச் சில மாதங்களும் ஆகலாம். ஆகவே பகல் பூச்சைக் குறைத்தாலும் இரவுப் பூச்சை மார்ச் முடியும்வரை தொடருங்கள். ஊவாப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜூன் கடைசியில் மறுபடி தொடங்க வேண்டும். முதல் வெடிப்பு வரும்வரை காத்திருக்காமல், மேல்மலைப் பக்கத்தில் மார்கழியிலேயே ஒரு டப்பா வாங்கி, பீலியிலிருந்து வந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் மறந்துபோகும்.